எட்டுப் புள்ளி யானை

ரொறன்ரோவிலிருந்து வந்த பெட்டியில்
சொக்கிளேற்றுக்கும் குளிர்ச்சட்டைக்கும் நடுவில் கிடந்தது
வரைபு போடும் கல்குலேட்டர்.
முதுகில் மச்சாள் பிரதாயினி
கொம்பாஸ் முனையால் தன் பேரைக் கீறியிருந்தாள்,
கீழே ஒரு பூனை, அரைவாசி.
இங்கே எந்தச் சோதனை மண்டபத்துக்குள்ளும்
இதை விடமாட்டார்கள்.
அதனால் எனக்கு வந்தது.

ஒட்டுசுட்டான் றோட்டிலிருந்து உள்ளுக்குப் போனால்
காட்டோரம் எங்கள் இரண்டு ஏக்கர்.
கதிர் பால் பிடித்த நாளிலிருந்து
நானும் தவறூபனும் காவல் கொட்டிலில்.
சிக்னல் போகும்வரை அவன் போனில் கிரிக்கெட் பார்ப்பான்.
நான் பேனை ரோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
யானை செய்தேன்.

எட்டுப் புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம்.
முதல்நாள் பன்றி.
தும்பிக்கைக்கு இரண்டு புள்ளி கூட்ட
கேத்தில்.
கொம்பு வைக்கவில்லை, எங்கள் பக்கம் வருகிறதுகளில்
ஒன்றுக்கும் கொம்பில்லை.
வாலுக்கு இடம் காணாது.
இடமிருந்து வலமாக நேரே நடக்கும்.
வேலியைத் தொடமுன் வெடி போட்டால் திரும்பும்,
பிந்தினால் நெல் போச்சு.
மொத்தம் நாற்பத்திரண்டு வரி.

இந்த மெசினில் கழித்தல் விசை இரண்டு.
ஒன்று, இருப்பதிலிருந்து எடுப்பதற்கு.
மற்றது, தொடங்கும்போதே
பூச்சியத்துக்குக் கீழே நிற்கிற எண்ணுக்கு.
திரையில் இரண்டும் ஒரு கோடுதான்,
ஒன்று மயிரளவு கட்டை.
மாறி நசித்தால் பிழை என்று சொல்லி நின்றுவிடும்.
மூன்று இரவு இதிலேயே போனது.
தவறூபனுக்கு விளங்கப்படுத்தினேன்.
"எங்கட வீட்டுக் கணக்குக்கு ரெண்டும் வேணும்" என்றான்,
ஓவர் முடியும்வரை கண்ணெடுக்காமல்.

தை அமாவாசைக்கு முதல் இரவு.
பாலைமரப் பக்கம் கொப்பு முறிகிற சத்தம்.
தவறூபனின் நெற்றி லைற்
மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, நூர்ந்தது.
என் ரோர்ச் வெளிச்சம் ஒரு முழம் தாண்டாது.
கல்குலேட்டரைப் பறித்து முதுகைத் திறந்து
நாலு பற்றரியையும் உருவினான்.
அவனுக்கு மூன்று போதும்.
நாலாவது வரம்புக்குள் விழுந்தது.
நினைவைக் காக்கிற பொத்தான் பற்றரி
கனடாவிலேயே செத்துப்போனது எனக்குத் தெரியும்.
வாயில் ரோர்ச், சொல்ல ஏலவில்லை.

வெளிச்சம் அதன்மேல் விழுந்தது.
நின்றது.
வேலிக்கு அந்தப் பக்கம்,
ஒரு காலை முழுதாய் ஊன்றாமல்.
வெடி என் கையில், நெருப்புப்பெட்டி அவன் கையில்.
காது ஆடியது. பிறகு ஆடவில்லை.
எவ்வளவு நேரமென்று கேட்டால் இன்றைக்கும்
இரண்டு பேரும் இரண்டு கணக்குச் சொல்வோம்.
ஏதோ மறந்துபோனதை எடுக்கப் போவதுபோல்
திரும்பிப் போனது.

விடிய, சேற்றிலிருந்து நாலாவதைத் துடைத்துப் போட்டேன்.
நினைவகம் அழிந்தது என்று
ஆங்கிலத்தில், மரியாதையாய், ஒரு வரி.
பசளைக் கடை றசீதின் பின்பக்கம் முப்பது வரி இருந்தது.
மிச்சத்தைத் தலையிலிருந்து இறக்கினேன்.
யானை நடக்கிற இடம் வந்தபோது
பழையபடி நசிக்க விரல் போகவில்லை.
வேலிக்கு நாலு புள்ளி முன்னால்
அதை நிற்க விட்டேன்.
எவ்வளவு நேரம் என்பதற்கு
எழுமாறாக ஓர் எண்.

தவறூபன் விளையாடிப் பார்த்தான்.
நிற்கிற யானைக்கு ஆறு வெடியையும் போட்டு முடித்தான்.
அதற்குப் பிறகுதான் அது
அடுத்த காலை வைத்தது.
"ஏன்டா நிண்டது? என்ன யோசிச்சது?"
"தெரியாது. அந்த எண்ணை நான் போடேல்ல."
"அப்ப ஆர் போட்டது?"
எனக்கு மறுமொழி இல்லை.
அவன் பார்த்துக்கொண்டு நிற்கவுமில்லை, திரும்ப நசித்தான்.
இடது ஓரத்தில் எட்டுப் புள்ளி,
வாலில்லாமல்
வரத் தொடங்கிற்று.